அம்பாசடர் பெட்ரோல் எஞ்சினில் டைமிங் சந்தேகம்: பல்பா, டைமிங் லைட்டா, வேக்கம் கேஜா?

மேட்டில் இழுவை இல்லை. ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் பட்டென்று வெடிக்கிறது. அரை மணி ஓட்டினால் ரேடியேட்டர் கொதிக்கிறது. பழைய அம்பாசடரை இந்த நிலையில் பட்டறைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அதை இப்படியும் அப்படியும் திருப்புவார்கள். சத்தம் சீரானதும் போல்ட் இறுகிவிடும். சில வாரங்கள் வண்டி நன்றாகவே ஓடும், பிறகு அதே தொல்லை திரும்பி வரும். டைமிங் ஏன் நகர்ந்தது என்று யாரும் பார்க்காததே இதற்குக் காரணம்.

இங்கே பேசுவது 1489 சிசி புஷ்ராட் எஞ்சினைப் பற்றி மட்டும். பிரிட்டனின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது அது. பின்னாளில் வந்த இசூசு 1.8 எஞ்சின் வேறு அமைப்பு, அதற்கு இந்த எண்களைப் பொருத்த வேண்டாம்.

இந்த எஞ்சினில் டைமிங் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பிளக்கில் தீப்பொறி எப்போது விழுகிறது என்பது ஒன்று. வால்வுகள் எப்போது திறந்து மூடுகின்றன என்பது இன்னொன்று. கிராங்க் சுழல, செயின் வழியாக கேம்ஷாஃப்ட் பாதி வேகத்தில் சுழல்கிறது. அந்தக் கேம்ஷாஃப்ட்தான் டிஸ்ட்ரிபியூட்டரையும் சுழற்றுகிறது. ஆகவே, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடித் தீப்பொறியைக் கிளப்பும் பாயிண்ட் தேய்ந்தால் தீப்பொறி மட்டும் பின்தங்கும். செயின் தொய்ந்தாலோ பல் தாண்டினாலோ தீப்பொறியும் வால்வும் சேர்ந்தே பின்தங்கும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் தீப்பொறி சரியாகிவிடும், வால்வு அப்படியே பின்தங்கி நிற்கும். எந்தச் சோதனையைத் தேர்ந்தெடுத்தாலும், இந்த இரண்டில் எது நகர்ந்தது என்று அது சொல்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காதால் வைப்பது

செலவே இல்லாத வழி. சாலையோரத்தில் வண்டி நின்றுவிட்டால் வீடு வந்து சேர இது போதும். அதற்கு மேல் நம்பக் கூடாது. சுமை இல்லாமல் ஐடிலிங்கில் ஓடும் எஞ்சின், தீப்பொறி கொஞ்சம் முந்தினால் இன்னும் வேகமாகவும் மென்மையாகவும் ஓடும். அதனால் காது எப்போதும் அதிக அட்வான்ஸ் பக்கமே இழுக்கும். அந்த நிலையில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு டாப் கியரில் மேடு ஏறினால் கிணுகிணுவென்று நாக்கிங் வரும். சூடான எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் திணறும். நாக்கிங்குடனேயே மாதக்கணக்கில் ஓட்டினால் பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும்தான் விலை கொடுக்கும்.

எந்தச் சோதனைக்கும் முன்: பாயிண்ட்

பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்யாமல் டைமிங்கைத் தொடக் கூடாது. இடைவெளி மாறினால் பாயிண்ட் திறக்கும் நேரமும் மாறும். கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும். பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் லேட் ஆகும். டைமிங் தானாகப் பின்தங்குவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். பலர் இதைப் பார்க்காமலே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி ஈடுகட்டுகிறார்கள்.

பி-சீரிஸ் எஞ்சினோடு வந்த லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. லூகாஸ் வகை உதிரிபாகங்களைச் சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் நம் ஊருக்குப் பழக்கப்படுத்தியது. குதிகால் கேமின் உச்சி முனையில் நிற்கும்போது ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) நுழைத்துப் பாருங்கள். பழைய பாயிண்ட்டில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால் ஃபீலர் மேட்டின் மேல் உட்கார்ந்து தவறான அளவு காட்டும். அப்படிப்பட்ட பாயிண்ட்டைத் தேய்த்துச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள். டுவெல் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: நான்கு சிலிண்டர் லூகாஸுக்கு டுவெல், அதாவது பாயிண்ட் மூடியிருக்கும் கோணம், 60 டிகிரி, 3 டிகிரி கூடலாம் குறையலாம். டுவெல் 1 டிகிரி மாறினால் கிராங்க் அளவில் டைமிங்கும் ஏறத்தாழ 1 டிகிரி நகரும். எனவே முதலில் பாயிண்ட், பிறகு டைமிங். இந்த வரிசை மாறினால் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

புதிய பாயிண்ட் வைக்கும்போது கேமில் கிரீஸ் மெலிதாகத் தடவுங்கள், கடுகளவு போதும். அதிகமானால் தெறித்து பாயிண்ட் முகத்தில் படிந்து மிஸ்ஸிங் வரும்.

12 வோல்ட் பல்பு

பாயிண்ட் வைத்த காருக்கு இதைவிட மலிவான, நேர்மையான கருவி கிடையாது. பழைய 5 வாட் பார்க்கிங் பல்பு, ஹோல்டர், இரண்டு வயர், இரண்டு கிளிப், இவ்வளவுதான். ஒரு கிளிப்பை காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய வயரின் முனையில் மாட்டுங்கள். இன்னொன்றை எஞ்சின் உலோகத்தில் மாட்டுங்கள். இக்னிஷன் போட்டால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது. பாயிண்ட் பிரியும் அதே கணத்தில் எரியும். அந்தக் கணம்தான் தீப்பொறி விழும் கணம்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் லேசாகத் திருப்பலாம். காயிலின் நடுவிலிருந்து வரும் தடித்த வயரைப் பிடுங்கி எஞ்சின் உலோகத்தில் தொடும்படி வையுங்கள். இல்லாவிட்டால் இக்னிஷன் போட்ட நிலையில் எஞ்சின் உதைக்க வாய்ப்புண்டு. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வையுங்கள். எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடித்தால், ஒருவேளை உதைத்தால் விரல் உடையும்.

முதல் சிலிண்டர் கம்ப்ரெஷனில் மேலே வரும்படி திருப்புங்கள். பிளக் துளையில் விரலை வைத்தால் காற்று தள்ளும். ராக்கர் மூடி கழன்றிருந்தால் நான்காம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் அந்த நேரத்தில் ஒன்று மூடி ஒன்று திறக்கும், அதுவே உறுதியான அடையாளம். இப்போது கிராங்க் புல்லியின் வெட்டை டைமிங் கவரிலுள்ள முள்ளுக்கு நேராக, கையேடு சொல்லும் டிகிரியில் நிறுத்துங்கள். குறியைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுத்து நிறுத்தக் கூடாது. கால் சுற்று பின்னால் போய், மறுபடி எஞ்சின் ஓடும் திசையிலேயே குறிக்கு வர வேண்டும். செயினின் தொய்வு ஒரே பக்கம் தங்கினால்தான் அளவு சரியாக வரும்.

இனி டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப்பைத் தளர்த்தி, ரோட்டர் (மூடிக்குள் ஷாஃப்ட்டின் மேல் சுழலும் துண்டு) சுழலும் திசையில் சற்றுத் திருப்பினால் பல்பு அணையும். எதிர்த்திசையில் மெல்லத் திருப்பி, பல்பு பளிச்சென்று எரியும் இடத்தில் நிறுத்தி இறுக்குங்கள். பி-சீரிஸில் மேலிருந்து பார்த்தால் ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். மூடியைக் கழற்றி ஹேண்டிலைத் திருப்பி ஒரு முறை கண்ணால் பார்த்துக்கொள்வது நல்லது. இறுக்கிய பிறகு எஞ்சினை முழுதாக இரண்டு சுற்று சுற்றி, பல்பு குறியிலேயே எரிகிறதா என்று மறுபடி பாருங்கள். வேலை முடிந்ததும் இக்னிஷனை அணைத்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நெடுநேரம் விட்டால் காயில் சூடாகிக் கெடும்.

எஞ்சின் நின்ற நிலையில் டைமிங் எங்கே இருக்கிறது என்று மட்டுமே பல்பு சொல்லும். ஓடும்போது அட்வான்ஸ் ஏறுகிறதா என்று அதற்குத் தெரியாது. பழைய அம்பாசடரில் பாதித் தொல்லை அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

டைமிங் லைட்

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு தனித்தனி அட்வான்ஸ் ஏற்பாடுகள் உண்டு. வேகம் கூடக் கூட இரண்டு எடைகள் விரிந்து தீப்பொறியை முன்னே தள்ளும். பாதி திராட்டிலில், சுமை குறைவாக ஓடும்போது, கார்புரேட்டரிலிருந்து வரும் மெல்லிய குழாயின் வெற்றிடம் இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளும். எடைகள் துருப்பிடித்து இறுகிவிட்டால் ஐடிலிங்கில் டைமிங் துல்லியமாக இருக்கும், ஆனால் 60 கி.மீ. வேகத்துக்கு மேல் வண்டி மூச்சுவிடத் திணறும். பல்பு இதைப் பிடிக்காது, காதும் பிடிக்காது. டைமிங் லைட் மட்டுமே பிடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் வயது தெரியாத காருக்கு டைமிங் லைட் வாங்குவது வீண்செலவு இல்லை.

பேட்டரிக்கு இரண்டு கிளிப், முதல் பிளக் வயரில் ஒரு கவ்வி. வேக்கம் குழாயை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கழற்றி, கார்புரேட்டர் பக்கம் வரும் முனையை ஒரு போல்ட்டால் அடைத்துவிடுங்கள். புல்லியின் வெட்டில் வெள்ளை மை வைத்தால் பகலிலும் தெரியும். ஐடிலிங்கை முடிந்த அளவு குறைத்துவையுங்கள். வேகம் கூடுதலாக இருந்தால் எடைகள் அப்போதே விரியத் தொடங்கியிருக்கும், தவறான எண்ணைப் படிப்பீர்கள். ஒரு பெரிய ஆபத்தும் உண்டு: லைட்டின் மின்னலில் ஓடும் ஃபேன் நின்றுகொண்டிருப்பதுபோலத் தோன்றலாம். முழுக்கைச் சட்டையோ தோளில் துண்டோ போட்டுக்கொண்டு இந்த வேலை செய்யக் கூடாது.

குறி எங்கே நிற்கிறது என்பதைவிட அது எப்படி நகர்கிறது என்பதே இங்கே முக்கியம். ஆக்சிலரேட்டரை மெல்லத் திறந்தால் குறி சீராக முன்னே போக வேண்டும், விட்டால் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். நகரவே இல்லை என்றால் எடைகள் இறுகியிருக்கின்றன. பட்டென்று தாவிப்போய்த் திரும்பி வர மறுத்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. அடுத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்கம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். குறி முன்னே போய், நாக்கால் அடைத்ததும் அங்கேயே நிற்க வேண்டும். மெல்ல நழுவி வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதனால் வண்டி நிற்காது, பெட்ரோல்தான் கூடுதலாகக் குடிக்கும்.

குறி ஒரே இடத்தில் நிற்காமல் நடுங்கினால், டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டின் புஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது செயின் தொய்ந்திருக்கலாம். இதைப் பிரிக்க ஒரு நல்ல வழி உண்டு. கவ்வியை முதல் பிளக் வயரிலிருந்து நான்காவதுக்கு மாற்றுங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, ஒன்றும் நான்கும் ஒரே நேரத்தில்தான் மேலே வரும், ஆகவே குறி அதே இடத்தில் தெரிய வேண்டும். இரண்டுக்கும் 3, 4 டிகிரி வித்தியாசம் வந்தால் ஷாஃப்ட் ஆட்டமோ கேம் தேய்மானமோதான் காரணம். மூடியைக் கழற்றி ரோட்டருக்குக் கீழே ஷாஃப்ட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் கைக்கே தெரியும். இப்படிப்பட்ட டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட்டை எத்தனை முறை வைத்தாலும் நிற்காது. முதலில் புஷ் மாற்ற வேண்டும்.

புல்லியில் டிகிரி கோடுகள் இல்லாவிட்டால் நீங்களே போட்டுக்கொள்ளலாம். விட்டம் 150 மி.மீ. என்றால் சுற்றளவு 471 மி.மீ. அதை 36-ஆல் வகுத்தால் 10 டிகிரிக்கு 13 மி.மீ. உங்கள் புல்லியை அளந்து இதே கணக்கைப் போடுங்கள். ஆனால் முதல் பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டும் மேல்முனைக் குறியே சரிதானா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும், ஏனெனில் எப்போதோ வேறு எஞ்சினின் புல்லியோ கவரோ மாட்டப்பட்டிருக்கலாம். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து நடுவில் ஒரு போல்ட்டைப் பொருத்தி முதல் துளையில் முறுக்குங்கள். எஞ்சினைக் கையால் மென்மையாக ஒரு திசையில் திருப்பினால் பிஸ்டன் போல்ட்டில் முட்டி நிற்கும். புல்லியில் குறி போடுங்கள். எதிர்த்திசையில் திருப்பி முட்டும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் சரிபாதிதான் உண்மையான மேல்முனை. இந்தச் சோதனைக்கு ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது, பிஸ்டனில் ஓட்டை விழும்.

வேக்கம் கேஜும் கம்ப்ரெஷன் கேஜும்

மேலே சொன்னவை எல்லாம் தீப்பொறியைப் பார்க்கும் கருவிகள். வால்வு டைமிங்கைப் பற்றி, எஞ்சினைப் பிரிக்காமலே முதல் தடயம் தருவது வெற்றிடத்தை அளக்கும் வேக்கம் கேஜ். அதை இன்லெட் மேனிஃபோல்டில் நேராக மாட்ட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் குழாய் கார்புரேட்டரில் திராட்டில் தகட்டின் விளிம்புக்கு அருகே தொடங்குவதால், ஐடிலிங்கில் அங்கே வெற்றிடம் ஏறத்தாழ இருக்காது. அதில் மாட்டிவிட்டு எஞ்சின் போச்சு என்று பயப்படுகிறவர்கள் உண்டு.

கடல் மட்டத்தில், எஞ்சின் சூடான பிறகு, நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டும், முள் ஆடாது. ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் சுமார் 1 அங்குலம் குறையும். 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அதே எஞ்சின் 7 அங்குலம் குறைவாகக் காட்டும், அது கோளாறு இல்லை. சென்னையில் முள் ஆடாமல் 14, 15-ல் நின்றால் தீப்பொறி லேட்டாக இருக்கலாம். 10-க்குப் பக்கத்தில் ஆடாமல் நின்றால் வால்வு டைமிங்கைச் சந்தேகப்படுங்கள், இன்லெட்டில் காற்றுக் கசிவு இருந்தாலும் இப்படிக் காட்டும். சீரான இடைவெளியில் முள் துடித்து விழுந்தால் ஒரு சிலிண்டரில் வால்வோ பிளக்கோ கோளாறு.

பல்பால் தீப்பொறியைச் சரியாக வைத்த பிறகும் முள் ஏற மறுத்தால், வால்வு அல்லது கசிவு என்று இரண்டு வாய்ப்புகள்தான் மிஞ்சும். கசிவைத் தேட, எளிதில் தீப்பற்றும் கார்ப் கிளீனர் அடிக்காதீர்கள். இந்த எஞ்சினில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், கார்புரேட்டருக்குக் கீழேயே சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இருக்கிறது. தெளிப்பானில் சோப்புத் தண்ணீரை மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரமாக அடியுங்கள். ஐடிலிங் மாறினால் கசிவு அங்கேதான். இப்போது பம்புகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பழைய ஜெட் அளவுள்ள கார்புரேட்டரில் அது கலவையை மெலிதாக்கும். அந்தத் திணறல், டைமிங் லேட் போலவே தோன்றும்.

கம்ப்ரெஷன் கேஜ் இரண்டாம் சாட்சி. எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் வெளியே, காயில் வயர் கழன்று, ஆக்சிலரேட்டர் முழுக்க மிதிபட்டு, ஒவ்வொரு சிலிண்டரும் 5, 6 முறை காற்றை அமுக்கும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றி அளக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அது வால்வு அல்லது ரிங். அடுத்தடுத்த இரண்டு குறைந்தால் ஹெட் கேஸ்கெட். நான்கும் ஒரே அளவு குறைந்திருந்தால் மட்டுமே டைமிங் பக்கம் திரும்புங்கள். அப்போதும் ஒவ்வொரு துளையிலும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் இன்லெட் வால்வு தாமதமாக மூடி, உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திரும்பிப் போகிறது என்று பொருள்.

ஒரே ஒரு கார் வைத்திருப்பவர் எதை வாங்குவது? பல்பை வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள். காசு கொடுத்து முதலில் வாங்க வேண்டியது வேக்கம் கேஜ் என்பது என் தீர்மானம். டைமிங் லைட்டைப் பக்கத்துப் பட்டறையில் ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேட்கலாம். வேக்கம் கேஜ் டைமிங், கார்புரேட்டர், வால்வு எல்லாவற்றுக்கும் மாதாமாதம் உதவும். முள் எங்கே நிற்கும் என்று வண்டி நன்றாக இருக்கும்போதே குறித்துவைத்தால்தான் அதன் முழுப் பயன் கிடைக்கும்.

செயின் கவரை எப்போது திறப்பது

கடைசி வழி இது. ரேடியேட்டரை இறக்கி, கிராங்க் புல்லி நட்டைக் கழற்றி, ஒரு முழு நாள் போகும். ஆகவே முன்னதாக இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்துவைத்து, எஞ்சினை ஓடும் திசையில் திருப்பிப் புல்லியில் குறி போடுங்கள். பிறகு எதிர்த்திசையில் மெல்லத் திருப்பி, ரோட்டர் அசையத் தொடங்கும் கணத்தில் நிறுத்துங்கள். இடையில் புல்லி எத்தனை டிகிரி போனதோ அதுவே செயினின் தொய்வும் டிஸ்ட்ரிபியூட்டர் கியரின் ஆட்டமும் சேர்ந்த கணக்கு. 10 டிகிரியைத் தாண்டினால் செயினுக்கு வயதாகிவிட்டது.

இரண்டாவது, ராக்கர் மூடியைத் திறந்து, டப்பெட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை) சூடான எஞ்சினில் 0.38 மி.மீ. வைத்த பிறகு, நான்காம் சிலிண்டரின் வால்வுகள் மாறும் இடத்தைப் பார்ப்பது. புல்லி மேல்முனையில் நிற்கும்போது எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்லெட் திறந்துகொண்டும், இரண்டும் கொஞ்சமாகத் திறந்திருக்க வேண்டும். மேல்முனையில் எக்ஸாஸ்ட் இன்னும் நன்றாகத் திறந்தும் இன்லெட் அசையாமலும் இருந்தால் கேம் பின்தங்கியிருக்கிறது. இரண்டு சோதனையும் ஒரே பதிலைச் சொன்னால் தயங்காமல் கவரைத் திறங்கள்.

திறந்தபின் செயினை மட்டும் மாற்றி மூடுவது தவறான சிக்கனம். கொக்கி போல் வளைந்த பல்சக்கரம் புதுச் செயினை விரைவில் தின்றுவிடும். இரண்டு பல்சக்கரம், செயின், டென்ஷனர், ஆயில் சீல் எல்லாம் ஒன்றாகப் போக வேண்டும். பல்சக்கரங்களின் புள்ளிகள் ஒன்றையொன்று பார்க்கும்படி மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி மறுபடி சரிபாருங்கள். கவரின் போல்ட்டுகளை விரலால் மட்டும் பொருத்தி, புல்லியை உள்ளே தள்ளி சீல் நடுவில் அமர்ந்ததும் இறுக்குங்கள். அப்படிச் செய்யாவிட்டால் புது சீலும் முதல் வாரத்திலேயே எண்ணெய் கசியும். எல்லாம் மூடியபின் பல்பை மறுபடி எடுத்து டிஸ்ட்ரிபியூட்டரை முதலிலிருந்து வையுங்கள். தொய்ந்த செயினை ஈடுகட்ட முன்னே திருப்பிவைத்த பழைய நிலையிலேயே விட்டால், புதுச் செயினில் அத்தனையும் கூடுதல் அட்வான்ஸாக மாறி முதல் மேட்டிலேயே நாக்கிங் கேட்கும்.